வீடா, வீதியா, மலையா: தெருப்பூனைக்கு எது நல்ல வாழ்வு?

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பல காலமாக ஓடாமல் கிடக்கும் குழித்தறியின் பள்ளத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முன் சாம்பல் நிற வரிப்பூனை ஒன்று குட்டி போட்டது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நேரம் என்பதால் தெருவெல்லாம் மேளமும் வெடியுமாக இருந்தது. பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். இந்தத் தாயோ வெளியே கேட்ட சத்தத்துக்கு அஞ்சியோ என்னவோ, அந்தப் பள்ளத்தை விட்டு அசையவே இல்லை. மூன்று குட்டிகளில் ஒன்று கண் திறப்பதற்கு முன்பே இறந்துபோனது. எஞ்சிய கருப்புக் கடுவனுக்கும், கருப்பும் செவலையும் வெள்ளையும் கலந்த பெட்டைக்கும், அவற்றின் தாய்க்கும் மூன்று வெவ்வேறு வாழ்க்கைகள் வாய்த்தன. தெருப்பூனையை என்ன செய்வது என்று யாராவது கேட்டால், அந்த மூன்றையும் அருகருகே வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடிகிறது.

கோணியில் கட்டி ஏற்காடு அடிவாரத்தில் விட்டுவிடலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். இதை ஒரு வழியாகவே நான் கருதவில்லை. கோணியில் கட்டுவதே வழி தெரியாமல் திரும்பி வராதிருக்கத்தான். தண்ணீர் எங்கே, ஒளிய இடம் எங்கே, நாய் எந்தப் பக்கம் என்று எதுவும் அறியாத இடத்தில், பால் கொடுக்கும் தாயைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குக் கைவிடுதல் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. அதனால் தெருவுக்கும் பயனில்லை. எலியும் மீன் கழிவும் அதே இடத்தில் இருக்கும்வரை, காலியான இடத்துக்கு வேறொரு பூனை வந்துவிடும்.

சோறு மட்டும் வைப்பது இரக்கத்தில் பிறப்பது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஆனால் பெட்டைப்பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடியது. சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடித்துவிடலாம். கருத்தடை செய்யாமல் தட்டை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தால், ஒரு பூனைக்கு வைத்த சோறு ஓராண்டில் ஒரு கூட்டத்துக்குப் போதாமல் போகிறது. பசியைத் தணிக்க நினைத்த நாமே பசித்த வாய்களைப் பெருக்கிவிடுகிறோம்.

தாய்ப்பூனைக்கு நாங்கள் தேர்ந்தது கருத்தடை செய்து அதே தெருவில் விடும் வழி. மனிதக் கை படாமல் வளர்ந்த பெரிய பூனை அது. அறைக்குள் அடைத்தால் பீரோவுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்து, ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகுதான் சாப்பிடும். அன்பைக் காட்டுவதாக எண்ணி அப்படி வைத்திருப்பது அதற்குச் சிறைவாசமே. குட்டிகள் பால் மறந்ததும், முதல் நாள் இரவு சோறு வைக்காமல் விட்டு, மறுநாள் விடியலில் கூண்டுக்குள் நெத்திலிக் கருவாடு வைத்துப் பிடித்தோம். கூண்டின் மேல் பழைய வேட்டியைப் போர்த்தியதும் அதன் சீறல் அடங்கியது. துணிக்குள் கை வைத்தபோது கூண்டுக் கம்பி அதன் நடுக்கத்தில் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் மயக்கத்திலேயே இடது காது நுனியைச் சிறிதளவு நேராக வெட்டிவிட்டார். பார்க்கக் கொடுமையாகத் தோன்றினாலும், ஏற்கெனவே அறுவை செய்த பூனையை மறுபடி பிடித்து வயிற்றைத் திறக்காமல் காப்பது அந்த அடையாளம்தான். சில நாள் ஓய்வுக்குப் பின் பிடித்த இடத்திலேயே விட்டோம். இன்று அதன் விலா எலும்பு தெரிவதில்லை. அதைத் தேடி இரவெல்லாம் சண்டையிட்ட கடுவன்களின் ஓலமும் எங்கள் சந்தில் நின்றுவிட்டது. என்றாலும் வண்டிச் சக்கரமும் நாய்களும் அதற்கு இன்னும் ஆபத்தாகவே இருக்கின்றன. ஒருநாள் மாலை வராவிட்டால் தேடிப் போகிறேன்.

பெட்டைக் குட்டியைத் தத்துக் கொடுத்தோம். மூன்று நிறம் கலந்த பூனை ஏறத்தாழ எப்போதுமே பெண்ணாக இருக்கும் என்பதால், நிறத்தைப் பார்த்ததுமே பலர் வேண்டாம் என்றனர். கடைசியில் சூரமங்கலத்தில் ஒரு வீடு ஏற்றுக்கொண்டது. அந்த வீட்டு மருமகள் உண்டானதும் பூனை எங்களிடமே திரும்பி வந்தது. நல்ல வீடுகளிலிருந்துகூடப் பூனைகள் வெளியேற்றப்படுவதற்கு நான் அதிகம் கேட்ட காரணம் இதுதான். பூனையின் மலத்தில் கர்ப்பிணிக்குத் தீங்கு செய்யும் ஓர் ஒட்டுண்ணி இருக்கக்கூடும் என்பது உண்மையே. ஆனால் அது தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாள் ஆகும். ஆகவே மணல் தட்டை வீட்டிலுள்ள வேறொருவர் தினமும் சுத்தம் செய்து, பூனையை வெளியே விடாமல், பச்சை இறைச்சி கொடுக்காமல் இருந்தால், பூனையை வெளியேற்ற வேண்டிய தேவையே இல்லை. தத்துக் கொடுக்கும் நாளிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை.

இப்போது அது எங்கள் வீட்டுப் பூனை. பகலெல்லாம் வாசலைத் திறந்தே வைத்துப் பழகிய எங்கள் குடும்பத்துக்கு, ஜன்னலுக்கு வலையடித்துக் கதவைச் சாத்தி வைக்கும் பழக்கம் வர ஆறு மாதம் ஆயிற்று. அது முன்னங்கால்களை என் மடியில் மாற்றி மாற்றி அமுக்கிவிட்டுத் தூங்கும்போது, தாய்க்கு ஒருபோதும் கிடைக்காத உறக்கம் இது என்று எண்ணிக்கொள்வேன். வீட்டுக்குள் வாழும் பூனை பதினைந்து ஆண்டுகூட இருக்கும். ஆனால் தடுப்பூசி, கருத்தடை, அசைவ உணவு ஆகியவற்றுக்கு ஒப்புக்கொள்ளாத வீட்டுக்குத் தத்துக் கொடுக்கக் கூடாது. தயிர்ச் சோறும் பாலும் மட்டுமே தின்று வளரும் பூனைக்கு, இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காமல் கண்ணும் இதயமும் கெடும்.

கருப்புக் கடுவனின் கதையைச் சொல்ல இன்றும் மனம் கனக்கிறது. குறுக்கே வந்தால் சகுனத் தடை என்று நகரத்தில் யாரும் அதை ஏற்கவில்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீட்டுக்காரர் எலி பிடிக்கக் கேட்டார். ஐந்து மாதக் குட்டியை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். புது இடத்துக்குப் போகும் பூனையை இரண்டு மூன்று வாரமாவது ஓர் அறைக்குள் வைத்து, அதன் வாசனையும் சோற்று நேரமும் பழகிய பிறகே வெளியே விட வேண்டும். அவர் மறுநாளே திறந்துவிட்டார். பிறகு அது கண்ணில் படவே இல்லை. நல்ல மனிதர்தான், ஆனால் இதை அவருக்கு எடுத்துச் சொல்லாத பொறுப்பு என்னுடையது. பழக்காமல் அனுப்பியதால், நான் தேடிக் கொடுத்த வீடும் கோணியில் கட்டி விட்டதற்குச் சமமாகிவிட்டது.

இரண்டு முதல் ஏழு வாரத்துக்குள் மனிதக் கை பட்ட குட்டி வீட்டுக்கு எளிதில் பழகும். அந்தக் காலம் கடந்தால் ஒவ்வொரு வாரமும் கடினமாகும். அதனால் குட்டிக்கு வீடு, பழகாத பெரிய பூனைக்குக் கருத்தடையும் பழகிய தெருவும் என்று நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தானியக் கிடங்கின் சாக்குகளுக்கு நடுவே இப்போது நான்கு குட்டிகள் இருக்கின்றன. ஐந்து வாரம் ஆகிவிட்டது. இரண்டுக்கு வீடு பேசி முடித்துவிட்டேன். தாய்க்குக் கூண்டு தயாராக இருக்கிறது. மீதி இரண்டில் ஒன்று கருப்பு.