லினக்ஸ் பழக எந்த வழி? பென் டிரைவ், மெய்நிகர் கணினி, டபிள்யூஎஸ்எல், டூயல் பூட்

லினக்ஸ் கற்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே உபுண்டுவா, மிண்ட்டா, ஃபெடோராவா என்ற பேச்சு தொடங்கிவிடும். எனக்கு அது இரண்டாவது கேள்விதான். இப்படி லினக்ஸைத் தொகுத்துத் தரும் டிஸ்ட்ரோக்களில் எதை எடுத்தாலும் அடியில் இருப்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய அதே கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. எல்எஸ், சிடி, கிரெப் போன்ற கட்டளைகள் எல்லாம் எங்கேயும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். அதை எங்கே வைத்து ஓட்டுகிறோம் என்பது முதல் கேள்வி. நாம் எதைக் கற்போம், எதைத் தொடாமலே விட்டுவிடுவோம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

விண்டோஸ் கணினி வைத்திருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. நான்கிலும் நான் உட்கார்ந்து பழகியிருக்கிறேன்.

லைவ் பென் டிரைவ்தான் எளிது. லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் நகல்) தரவிறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியை பூட் செய்தால், அதாவது தொடங்கினால் போதும். ஹார்ட் டிஸ்க்கை நாமாகத் தொடாதவரை அதில் எதுவும் மாறாது. நாம் செய்யும் மாற்றங்கள் எல்லாம் ரேமில்தான் இருக்கும். கணினியை அணைத்தால் போய்விடும். அதனாலேயே கற்பதற்கு இது போதாது. நேற்று நிறுவிய மென்பொருள் இன்று இல்லை என்றால் பழக்கம் எப்படி வரும்? மாற்றங்களைச் சேமிக்கும் வசதியோடும் பென் டிரைவைத் தயாரிக்கலாம், ஆனால் மெதுவாக ஓடும். உங்கள் வைஃபை, ஒலி, டச்பேட் ஆகியவை லினக்ஸில் வேலை செய்கின்றனவா என்று பார்க்க மட்டும் இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு மாலை நேரம் அதற்குக் கொடுங்கள்.

டபிள்யூஎஸ்எல் என்பது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ். மைக்ரோசாஃப்ட் இதை 2016-இல் கொண்டுவந்தபோது அதில் லினக்ஸ் கெர்னலே கிடையாது. லினக்ஸ் நிரல்கள் கேட்பதை விண்டோஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் ஓர் அடுக்குதான் இருந்தது. 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் உண்மையான கெர்னலே ஓடுகிறது. ஒரே கட்டளையில் நிறுவலாம். ஷெல் ஸ்கிரிப்ட், கிட், பைத்தான் போன்ற நிரலாக்கக் கருவிகள் வேலைக்காகத் தேவைப்படுபவர் யோசிக்காமல் இதை எடுக்கலாம். ஆனால் பூட் எப்படி நடக்கிறது, பார்டிஷன் (வட்டைப் பிரித்த பகுதி) என்றால் என்ன, வன்பொருளை இயக்கும் டிரைவர் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் இங்கே கண்ணில் படாது. அந்த வேலைகளை விண்டோஸே பார்த்துக்கொள்கிறது. கட்டளைகளில் கை பழகிய பிறகும் ஒரு லினக்ஸ் கணினியை நிறுவி நிர்வகிக்கத் தெரியாமல் நிற்க நேரலாம்.

அடுத்தது மெய்நிகர் கணினி. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் ஒரு கணினியை உருவாக்கி, அதற்குள் லினக்ஸை முறைப்படி நிறுவுவது. கணினியின் பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷன் இயக்கப்பட்டிருக்க வேண்டும். உங்களிடம் 8 ஜிபி ரேம் இருந்தால் அதற்கு 4 ஜிபி கொடுக்கலாம். இதன் பெரிய பலம் ஸ்னாப்ஷாட்: இருக்கும் நிலையை அப்படியே சேமித்து வைத்து, பிறகு அதற்கே திரும்பலாம். நான் பழகத் தொடங்கிய நாட்களில், பழைய பதிப்பு எதற்கு என்று சிஸ்டத்தோடு வந்த பைத்தானை நீக்கினேன். அதைச் சார்ந்திருந்த மென்பொருள் தொகுப்புகளும் சேர்ந்து போயின. மறுபடி பூட் செய்தபோது டெஸ்க்டாப் வரவில்லை, கறுப்புத் திரையில் லாகின் வரி மட்டும் நின்றது. முந்தைய நாள் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு ஒரு நிமிடத்தில் திரும்பினேன். அப்புறம் அதே தவறை வேண்டுமென்றே மறுபடி செய்து, எந்தெந்தத் தொகுப்புகள் நீக்கப்படும் என்று, அவற்றை நிறுவி நீக்கும் கருவியான ஏபிடி முன்கூட்டியே காட்டும் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். தொகுப்புகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது. தைரியமாக உடைத்துப் பார்க்க இதுதான் இடம். இரண்டு மெய்நிகர் கணினிகளை உருவாக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எஸ்எஸ்எச் (இன்னொரு கணினிக்குள் வலையமைப்பு வழியே நுழையும் முறை) மூலம் நுழைந்து பாருங்கள்; சர்வர் நிர்வாகத்தின் அரிச்சுவடி அங்கேயே கிடைத்துவிடும்.

இதற்கும் ஒரு குறை உண்டு. உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு உங்கள் வைஃபை கார்டு தெரியாது. கம்பி இணைப்பு இருப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியமானது, அவசரமாக ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்றால் அந்த ஜன்னலைச் சுருக்கிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பிவிடுகிறோம். அன்றாட வேலை லினக்ஸுக்குள் வருவதே இல்லை.

அங்கேதான், விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் அருகருகே நிறுவும் டூயல் பூட் முந்துகிறது. கணினியை இயக்கியதும் எதில் நுழைய வேண்டும் என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். எதில் நுழைகிறோமோ அதுவே அன்றைய உலகம். விண்டோஸுக்குப் போக மறுபடி பூட் செய்ய வேண்டும் என்பதால், பிரின்டர் ஓடாவிட்டால் ஏன் என்று தேடுவோம். தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ்ஸில் (தட்டச்சு முறைகளைக் கவனிக்கும் மென்பொருள்) சேர்ப்போம். ஏதோ சேவை எழும்பவில்லை என்றால் ஜர்னல்சிடிஎல் கட்டளை கொடுத்து, நடந்தவற்றின் பதிவான லாக் படிப்போம். நான் லினக்ஸில் உருப்படியாகக் கற்றவற்றில் பெரும்பகுதி இப்படி வேறு வழியில்லாமல் கற்றதுதான்.

ஆபத்தும் இங்கேதான் அதிகம். தவறான பார்டிஷனைத் தேர்ந்தெடுத்தால் கோப்புகள் போய்விடும். பேக்கப் எடுக்காமல் தொடங்கவே கூடாது. வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். இடம் ஒதுக்கும்போது விண்டோஸ் பார்டிஷனை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குவது நல்லது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாது. அதன் பார்டிஷனை லினக்ஸ் திறந்தாலும் எழுத விடாது. இன்னொன்று, இரண்டுக்கும் இடையில் மாறும்போது கடிகாரம் தப்பாகக் காட்டும். கணினிக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸும், உலகப் பொது நேரம் என்று லினக்ஸும் எடுத்துக்கொள்வதே காரணம். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் ஒரு வரி கொடுத்தால் சரியாகிவிடும்.

என்னைக் கேட்டால், பென் டிரைவில் ஒரு மாலை, மெய்நிகர் கணினியில் ஒரு மாதம், அதற்குப் பிறகு டூயல் பூட். முதல் நாளே டூயல் பூட் வேண்டாம் என்பேன். பார்டிஷன் பிரிக்கும் திரையை மெய்நிகர் கணினியில் நான்கைந்து முறை கடந்திருந்தால், உண்மையான வட்டில் அதே திரை வரும்போது கை நடுங்காது.

வீட்டில் இரண்டாவதாக ஒரு பழைய கணினி சும்மா கிடந்தால் இத்தனையும் தேவையில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால் 11-க்குப் போக முடியாத கணினிகள் நிறைய இருக்கின்றன. அப்படி ஒன்றில் முக்கியமான கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு, முழு வட்டையும் லினக்ஸுக்கே கொடுத்துவிடுங்கள். எந்த டிஸ்ட்ரோ என்ற கேள்வியை இப்போது கேட்கலாம். 4 ஜிபி ரேம்தான் இருக்கிறது என்றால் மிண்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுவேன். நிறுவியதும் முதல் வேலையாக அதோடு வரும் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து ஒரு நகல் எடுத்து வைப்பேன். மெய்நிகர் கணினியில் ஸ்னாப்ஷாட் செய்யும் காரியத்தைச் சிஸ்டம் கோப்புகளுக்கு அது செய்து தரும்.