பால் சொம்பும் பழைய மெர்சிடிசும்: மூன்று செட் ஷாக் அப்சார்பர்களோடு என் அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது 1983ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் 230இ. டபிள்யூ123 என்று கார்ப் பிரியர்கள் சொல்லும் அந்த வரிசையைச் சேர்ந்த இந்தக் கார், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் ஆலையில் பொருத்தி உருவாக்கப்பட்டது. அப்பா வைத்திருந்தது, இப்போது என்னிடம் இருக்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் இதற்கு மூன்று முறை நான்கு சக்கரங்களுக்கும் ஷாக் அப்சார்பர் மாற்றியிருக்கிறேன். முதலிரண்டு முறை செலவழித்த பணம் வீண் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. மூன்றாவது செட் நாலரை ஆண்டுகளையும் 46,000 கிலோமீட்டரையும் கடந்துவிட்ட நிலையில்தான் இதை எழுதத் துணிகிறேன். ஷாக் அப்சார்பர் மாட்டிய மறுநாள் எழுதப்படும் பாராட்டுகளை நம்பித்தான் நான் முதலில் ஏமாந்தேன்.

நான் இருப்பது டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில். இங்கே ஓட்டுபவர்களுக்குச் சாலை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்து நெடுஞ்சாலையை அடைவதற்குள் வேகத்தடைகள் வரிசையாக வரும். வடகரையில் டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் போனால், கரும்பு லாரிகள் பழைய சாலையை அலை அலையாக அமுக்கி வைத்திருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு முளைத்த குழிகளில் சில இன்றும் ஒட்டுப்போட்ட தழும்புகளாக இருக்கின்றன. இவற்றோடு, ஆண்டுக்கு ஒருமுறை ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகும் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பயணமும் உண்டு. ஒரே கார் இவ்வளவையும் தாங்க வேண்டும். பின்னிருக்கையில் முதுகுவலியோடு அம்மா உட்கார்ந்திருப்பார்.

சொகுசை அளக்க எனக்குக் கிடைத்த கருவியும் அம்மாவிடமிருந்து வந்ததுதான். தைப்பூசத்துக்கு அம்பிலோ கோயிலுக்குப் போகும்போது, வீட்டிலேயே பூசை செய்து, பித்தளைச் சொம்பில் பால் நிரப்பி, வாயை மஞ்சள் துணியால் கட்டி, செண்டுப்பூ சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வருவார். இறங்கும்போது அந்தத் துணி எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே காரின் நிலை தெரிந்துவிடும்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் வேலை, அந்த ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கி எழுந்தபின் தொடர்ந்து ஆடிக்கொண்டே இருக்கவிடாமல், உள்ளே இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுங்கச் செய்து, ஆட்டத்தின் சக்தியைச் சூடாக மாற்றுவது. இதில் இரண்டு ஆட்டங்கள் உள்ளன. உடல்கூடு நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை என்ற நிதானத்தில் மேலும் கீழும் போகும். சக்கரமோ பத்துமுறைக்கு மேல் துடிக்கும். முன்னதை அடக்கப் பிடிமானம் வேண்டும், பின்னதற்கு இளக்கம் வேண்டும். ஆகவே நல்ல ஷாக் அப்சார்பர், பிஸ்டன் மெதுவாக நகரும்போது இறுக்கமாகவும், குழியில் சக்கரம் விழுந்து பிஸ்டன் வேகமாகப் பாயும்போது வால்வைத் திறந்து வழிவிடுவதாகவும் இருக்க வேண்டும். இது புரியாமல் 'மென்மையா, கடினமா' என்ற ஒரே கேள்வியோடு கடைக்குப் போனதுதான் என் முதல் தவறு.

முதல் செட், வாயு இல்லாத, எண்ணெய் மட்டும் கொண்ட, குழாய்க்குள் குழாயாக அமைந்த இரட்டைக் குழாய் வகை. விலை குறைவு, கடைக்காரர் 'பஞ்சு மாதிரி இருக்கும்' என்றார். முதல் வாரம் உண்மையிலேயே பஞ்சு மாதிரிதான் இருந்தது. வேகத்தடைகள் மறைந்தே போயின. ஆனால் தைப்பூசத்தன்று ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் சாதாரண வேகத்தில் வளைவெடுத்தபோது, கார் ஒருபுறம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபுறமும் சற்றுச் சாய்ந்துதான் அடங்கியது. பின்னாலிருந்து, 'மெல்லப் போ தம்பி, பாலெல்லாம் போகுது' என்று குரல் வந்தது. துணி முழுக்க நனைந்து, சேலையிலும் ஒரு கோடு இறங்கியிருந்தது. குலுக்கலே இல்லாத பயணத்தில் பால் சிந்தியது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. அவ்வாண்டு லெனேசியா போகும் வழியில், வான் ரீனன் கணவாய் ஏறி ஃப்ரீ ஸ்டேட் சமவெளிக்கு வந்ததும், அலையான சாலையில் கார் படகுபோல் மிதக்கத் தொடங்கியது. மணிக்கணக்கில் இடைவிடாமல் வேலை செய்யும்போது எண்ணெயில் காற்றுக் கலந்து நுரைத்துவிடும், நுரைக்கு எதிர்ப்புத் தரும் வலு கிடையாது. பின்னால் இருந்த அக்கா மகன் வாந்தியெடுத்தான். ஹாரிஸ்மித்தில் அரைமணி நேரம் நிறுத்தி, எல்லோருக்கும் இஞ்சி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த எரிச்சலில் மறுகோடிக்குப் போனேன். இரண்டாவது செட், அதிக அழுத்தமுள்ள வாயு நிரப்பிய, 'கனரக' முத்திரையிட்ட வகை. வேகமாக ஓட்டுவோருக்கும், தாழ்வான ஸ்பிரிங் போட்டவர்களுக்கும் அது மிகப் பொருத்தமாக இருக்கலாம். வளைவில் கார் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் நின்றது. ஆனால் தார்ச்சாலையின் ஒவ்வொரு விரிசலும், மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் இருக்கை வழியாக இடுப்புக்கு வந்து சேர்ந்தன. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த அம்மா, கோயிலுக்குத் தம்பியின் பக்கியிலேயே (சிறு சரக்கு வண்டியிலேயே) வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். மெர்சிடிசின் பின்னிருக்கையைவிடப் பக்கி மேல் என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் ஆய்வு தேவையில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் தெருமுனைப் பட்டறை அண்ணன் என்னைக் காப்பாற்றினார். அவர் ஷாக் அப்சார்பரைப் பார்க்கவே இல்லை. காரைத் தூக்கி, பின்சக்கரங்களைத் தாங்கும் துணைச்சட்டத்துக்கும் உடலுக்கும் நடுவே கடப்பாரையை நுழைத்து ஒரு நெம்பு நெம்பினார். ரப்பர் ஒரு விரலகலம் வாய்பிளந்தது. முன்பக்க ஷாக்கின் மேல்முனையில், வாஷர்களுக்கு இடையே இருக்க வேண்டிய ரப்பர் வளையம் கைபட்டதும் கரித்தூளாக உதிர்ந்தது. 'ரப்பர் செத்துப்போச்சு, நீங்க மருந்து மட்டும் மாத்திக்கிட்டே இருக்கீங்க' என்றார். நாற்பதாண்டு ரப்பரின் தட்டலை நான் இவ்வளவு காலம் ஷாக்கின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதிருந்த இரண்டாவது செட்டையும் கடினம் என்று முழுமையாகக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. அதன் கெட்ட பெயரில் பாதி ரப்பருக்குச் சேர வேண்டியது.

ஆகவே மூன்றாவது முறை வரிசையை மாற்றினேன். முதலில் டயர். முந்தைய ஆசையில் போட்டிருந்த 16 அங்குல வட்டுகளைக் கழற்றி, 14 அங்குலத்துக்குத் திரும்பி, 195/70 அளவு டயர் போட்டேன். பக்கச்சுவர் உயரமான டயரே ஒரு ஸ்பிரிங்தான். சிறு விரிசல்களை விழுங்குவது அதன் வேலை, அதை எந்த ஷாக் அப்சார்பரும் செய்துதராது. காற்று முன்னால் 2.0 பார், பின்னால் 2.2 பார், ஆள் நிறைந்தால் பின்னால் சற்றுக் கூட்டுகிறேன். அதன்பின் துணைச்சட்ட ரப்பர்கள், முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளின் ரப்பர் புஷ்கள், ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் ரப்பர் வளையங்கள். இந்த வளையங்கள் டபிள்யூ123க்குப் பல தடிமன்களில் வரும், விளிம்பில் உள்ள சிறு முகடுகளை எண்ணித் தடிமனை அறியலாம். இவையெல்லாம் முடிந்து ஒரு மாதம் ஓட்டியபின்தான் ஷாக் வாங்கினேன்.

தேர்ந்தெடுத்தது ஜெர்மன் நிறுவனமான பில்ஸ்டைனின் பி4, ஒற்றைக் குழாய் வாயு வகை. இதற்குக் காரணம் பெயர் மயக்கம் அல்ல. பிரெஞ்சுப் பொறியாளர் டி கார்பனின் ஒற்றைக் குழாய்த் தத்துவத்தை எடுத்து, பில்ஸ்டைன் மெர்சிடிசோடு சேர்ந்து வளர்த்து, 1957இல் தொடர் உற்பத்திக் கார்களுக்குக் கொண்டுவந்தது. ஆகவே இந்த ஸ்பிரிங்குகளுக்கு எவ்வளவு எதிர்ப்பு வேண்டும் என்பது அங்கே பழைய கணக்கு. ஒற்றைக் குழாயில், எண்ணெயையும் வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கிறது. வாயு இருபதுக்கு மேற்பட்ட பார் அழுத்தத்தில் எண்ணெயை நெருக்கிக்கொண்டே இருப்பதால், நீண்ட பயணத்திலும் நுரை வருவதில்லை. பி4 தொழிற்சாலைத் தரத்துக்கு நிகரான மாற்று. பி6 அதைவிட இறுக்கமானது. வாங்கும்போது இந்த ஓர் எண் வேறுபாட்டைக் கவனிக்காமல் போனால் வேறொரு கார் கிடைத்துவிடும். செலவைக் குறைக்க விரும்புவோர், குறைந்த அழுத்த வாயு நிரப்பிய இரட்டைக் குழாய் வகையைத் தொழிற்சாலைத் தரத்தில் வாங்கினால் போதும். நகருக்குள் மட்டும் ஓட்டும் என் மைத்துனரின் காரில் சாக்ஸ் நிறுவனத்தின் அவ்வகை இருக்கிறது, குறையில்லை. கோனி நிறுவனத்தின் சிவப்பு வகையில், ஸ்பிரிங் விரியும்போதுள்ள எதிர்ப்பை நாமே கூட்டிக் குறைக்கலாம். நோண்டிப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்லது, எனக்கு அந்தப் பொறுமை தீர்ந்துவிட்டது.

மாட்டும் வேலையில் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்ல வேண்டும். பின்பக்க ஷாக்கின் மேல் நட்டு, பின்னிருக்கையின் சாய்மானத்தைக் கழற்றினால்தான் கைக்கு எட்டும். சக்கரம் அளவுக்கு மீறிக் கீழே தொங்காமல் பிடித்து வைப்பதும் இந்த ஷாக்தான் என்பதால், சக்கரத்தைத் தாங்கும் கையின் அடியில் ஜாக்கி முட்டுக்கொடுக்காமல் போல்ட்டைக் கழற்றக் கூடாது. கை படீரென்று இறங்கி, பிரேக் குழாயை இழுத்துவிடும். மற்றொன்று, மேல்முனை நட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கக் கூடாது. ரப்பர் தட்டையாக நசுங்கினால் அது ரப்பராக வேலை செய்யாது, புது ஷாக்கே தட்டத் தொடங்கும். அண்ணன் நட்டின் கீழே தெரியும் ரப்பரின் புடைப்பை விரலால் தடவிப் பார்த்தே நிறுத்தினார்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர் சற்று இறுக்கமாகத் தோன்றி எனக்குப் பழைய பயம் வந்தது. பிறகு இளகியது. இப்போது வேகத்தடையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், ஓர் எழுச்சி, ஓர் இறக்கம், அதோடு முடிந்தது. கரும்பு லாரிச் சாலையின் அலைகளில் உடல்கூடு சமமாக நிற்க, சக்கரங்கள் மட்டும் கீழே வேலை செய்வது கேட்கிறது. மாட்டிய பிறகு வந்த முதல் தைப்பூசத்தில் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம். அதுவும் ஒரு ரோபோவில் (போக்குவரத்து விளக்கில்) நான் திடீரென்று பிரேக் அடித்ததால் வந்தது. லெனேசியா பயணத்தில் அம்மா மூயி ரிவர் தாண்டியதும் தூங்கிப்போனார்.

குறைகளும் உண்டு. விலை முதல் செட்டைப்போல் இருமடங்குக்கு மேல். பின்பக்க ஜோடிக்கு ஆறு வாரம் காத்திருந்தேன். உள்ளே உள்ள வாயுவின் தள்ளுவிசையால் கார் சில மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. இரட்டைக் குழாயிலிருந்து மாறுகிறவர்கள் அதற்கேற்ப ஸ்பிரிங் வளையத்தைத் தேர்வது நல்லது. சல்லி பெயர்ந்த சாலையில் மிக மெதுவாகப் போகும்போது ஒரு சிறு நறநறப்பு என் கைகளில் தெரிகிறது; பஞ்சுச் செட்டில் அது இல்லை. ஸ்டேஷன் வேகன் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து வாங்கிவிடக் கூடாது, அவற்றின் பின்பக்கம் தானே உயரத்தைச் சரிசெய்யும் திரவ அமைப்பு, வேறு உதிரிகள் வேண்டும்.

காரின் மூலையை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனையை நான் இப்போது நம்புவதில்லை. முற்றிலும் செத்த ஷாக்கை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் தடவி, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், ஷாக்கின் உடலில் எண்ணெய் வழிகிறதா என்று பார்ப்பதும் மேலானவை. சென்ற மாதம் இடது பின்பக்கத் தண்டின் அடியில் மெல்லிய ஈரப்பூச்சு தென்பட்டது. அண்ணன் துணியால் துடைத்து, சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வரச்சொன்னார். கோடு இன்னும் காய்ந்தே இருக்கிறது. ஈரமானால் அந்த ஒன்றை மட்டும் அல்ல, பின்பக்க ஜோடியையே மாற்றுவேன். ஆறு வாரக் காத்திருப்பை நினைத்து இப்போதே விலை கேட்டு வைத்திருக்கிறேன்.