அட்டாக் ஆன் டைட்டன்: மாங்கா சறுக்கிய இடத்தில் நிமிரும் அனிமே

‘அட்டாக் ஆன் டைட்டன்’ மாங்காவின் (ஜப்பானிய காமிக்ஸ்) கடைசி அத்தியாயமாக 2021 ஏப்ரலில் வந்த 139-ஆம் அத்தியாயத்தில் பலரையும் உறுத்தியது ஒரு வசனம். டைட்டன்கள் எனும் ராட்சதர்களை ஏவி உலகின் பெரும்பகுதியை மிதித்தழித்த நாயகன் எரெனிடம், எங்களுக்காகக் கொலைகாரன் ஆனதற்கு நன்றி என்ற பொருளில் பேசுவான் அவன் நண்பன் ஆர்மின். ஆர்மினின் குணத்துக்கே ஒட்டாத பேச்சு!

2023 நவம்பரில் வந்த மாப்பா ஸ்டுடியோவின் அனிமே (அனிமேஷன் தொடர்) கடைசிப் பாகத்துக்காக அந்த உரையாடலை மாங்காவைப் படைத்த இசயாமாவே திருத்தினார். இப்போது ஆர்மின் நன்றி சொல்வதில்லை. பழியில் தனக்கும் பங்குண்டு, நரகத்திலும் கூடவே இருப்பேன் என்கிறான். காலடி நீரிலிருந்து அவன் ஒரு சங்கை எடுத்து நீட்டும்போது நெஞ்சு கனத்துவிடுகிறது.

கதையின் முடிவு மட்டும் மாறவில்லை; அதுவே பிடிக்காதவர்களுக்கு இதுவும் பிடிக்காது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள்: ஒரு மரத்துக்கு அப்பால் நகரம் வளர்ந்து, போரில் அழிவது அங்கேதான் வருகிறது.