டிசம்பர் விடுமுறையில் கேளிக்கைப் பூங்கா: குளிர் ஊரா, பெரிய ரிசார்ட்டா, கூரைக்குள்ளா?

குளிர்கால விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் கேட்பது ‘எந்தப் பூங்கா?’ என்றுதான். நான் அதைக் கடைசியில்தான் கேட்பேன். எந்த வாரம் போகப் போகிறோம், வீட்டின் கடைக்குட்டி எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்ற இரண்டுக்கும் முதலில் பதில் வேண்டும். அது தெரிந்துவிட்டால் பூங்கா பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும்.

இந்தப் பருவத்தில் குடும்பங்களுக்கு முன்னால் இருக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, குளிர்காலத்துக்கென்றே தனி விழா நடத்தும் குளிர் நாட்டுப் பூங்காக்கள். கோபன்ஹேகனின் டிவோலி, நெதர்லாந்தின் எஃப்டெலிங், ஜெர்மனியின் யூரோபா-பார்க், ஸ்வீடனின் லிசெபெர்க் எல்லாம் இந்த வகை. இரண்டு, இதமான வெயிலில் இயங்கும் பெரிய ரிசார்ட்டுகள். ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டும் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்று, முழுக்கவோ பெரும்பாலுமோ கூரைக்குள் இருப்பவை: சியோலின் லாட்டே வேர்ல்ட், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மால் ஆஃப் அமெரிக்கா என்ற வணிக வளாகத்துக்குள் இருக்கும் நிக்கலோடியன் யூனிவர்ஸ், அபுதாபியின் வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட் போன்றவை.

சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்து கிளம்பும் குடும்பம் என்றால் என் ஓட்டு முதல் வகைக்கு. குளிரை நினைத்துப் பயந்து இதைத்தான் பலர் முதலில் தள்ளிவிடுகிறார்கள் என்பதால், குளிரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

குளிரில் எது ஓடும், எது நிற்கும்

பெரும்பாலான ரோலர் கோஸ்டர் வண்டிகளுக்கு என்ஜின் கிடையாது. உச்சி வரை இழுத்து விட்ட பிறகு எல்லாம் ஈர்ப்பு விசையின் வேலை. குளிர் கூடினால் சக்கரங்களின் பேரிங்குகளில் இருக்கும் கிரீஸ் கெட்டிப்படும். சக்கரங்களைச் சுற்றியிருக்கும் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் உறையும் விறைத்துவிடும். வண்டி வழக்கத்தைவிட மெதுவாகப் போகும். அடுத்த மேட்டை ஏற முடியாமல் நடுவில் பள்ளத்தில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் காலையில் வெறும் வண்டிகளை ஓட்டிப் பார்க்கிறார்கள், குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் மூடியும் விடுகிறார்கள். தண்ணீர் ரைடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உறைபனி வரும் ஊர்களில் பெரும்பாலும் தண்ணீரை வடித்துவிட்டு வசந்த காலம் வரை பூட்டிவிடுவார்கள்.

ஓடுகிற கோஸ்டரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வெளியே 5 டிகிரி செல்சியஸ் என்றால் நடக்கும்போது ஸ்வெட்டரும் கோட்டும் போதும். ஆனால் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில், காற்று வீசும்போது எவ்வளவு குளிராக உணர்வோம் என்று கணக்கிடும் காற்றுக்குளிர் சூத்திரத்தின்படி, கன்னத்தில் படுவது ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரிக்குச் சமம். வெளியே 0 டிகிரி என்றால் அது மைனஸ் 9. பெரியவர்களுக்கு இரண்டு நிமிடம் தாங்கும். எட்டு வயதுக் குழந்தை இறங்கியதும் அழக்கூடும், அதில் தப்பே இல்லை.

ஆகவே பெரிய கோஸ்டர்களுக்காகவே போகிற பதின்ம வயதுப் பிள்ளைகள் என்றால் குளிர் நாட்டுப் பூங்கா ஏமாற்றிவிடலாம். இதில் ஒப்பீடே தேவையில்லை, வெயில் ஊர் ரிசார்ட்தான். வால்ட் டிஸ்னி வேர்ல்ட் இருக்கும் ஆர்லாண்டோவிலும் டிசம்பரில் திடீரென்று குளிர்காற்று வந்து காலையில் ஒற்றை இலக்க டிகிரிக்கு இறங்குவது உண்டு. ஆனாலும் பகலில் பொதுவாக 20 டிகிரியைத் தாண்டிவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வேறு. 1 மீட்டர் உயரம்கூட வராத பிள்ளைக்குப் பெரிய கோஸ்டர் ஓடினால் என்ன, நின்றால் என்ன? எஃப்டெலிங்கின் பாரன் 1898 கோஸ்டருக்கு 132 சென்டிமீட்டர் வேண்டும். வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் மேஜிக் கிங்டம் பூங்காவின் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 வேண்டும். இந்த உயரத்தை எட்டாத பிள்ளைக்குக் குளிரில் மூடப்படும் ரைடுகளால் நஷ்டமே இல்லை. எஃப்டெலிங்கின் உயிர்நாடி 1952-இல் திறந்த தேவதைக் கதைக் காடு. ஓவியர் அன்டன் பீக்கின் கைவண்ணத்தில் பிறந்த அந்தக் காட்டில் நடந்துகொண்டே பார்க்கலாம். அங்கே வரிசையும் கிடையாது, உயர அளவுகோலும் கிடையாது. பூங்காவெங்கும் வாயைப் பிளந்துகொண்டு குப்பைக் காகிதம் கேட்கும் பொம்மைத் தொட்டிகள் நிற்கும். கையில் காகிதம் தீர்ந்த பிறகும் பிள்ளைகள் அவற்றை விட்டு நகர மாட்டார்கள்.

இருட்டு எப்போது வருகிறது

இந்த விஷயத்தில்தான் குளிர் நாட்டுப் பூங்கா மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

குளிர்கால விழாவின் அழகே விளக்குகளில்தான். விளக்கு எரிய இருட்ட வேண்டும். டிசம்பர் நடுவில் கோபன்ஹேகனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். எஃப்டெலிங் இருக்கும் பக்கம் நாலரை மணி வாக்கில். அப்படியானால் மூன்று வயதுக் குழந்தைகூட, மதியத் தூக்கம் முடிந்து எழுந்ததும், முழு ஒளி அலங்காரத்தையும் தெளிந்த முகத்தோடு பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு அறைக்குத் திரும்பிவிடலாம். யூரோபா-பார்க் குளிர்காலத்தில் காலை 11 மணிக்குத் திறந்து இரவு 7 மணி வாக்கில் மூடுகிறது. முதலில் கேட்கும்போது ‘இவ்வளவு குறைந்த நேரமா’ என்று தோன்றும். சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு அதுவே கச்சிதமான நேரம்.

ஆர்லாண்டோவில் சூரியன் மறைய ஐந்தரை ஆகும். வாணவேடிக்கை அதற்கும் பல மணி நேரம் கழித்து. காலை 9 மணியிலிருந்து நடந்து களைத்த குழந்தை அந்த நேரத்தில் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மேஜிக் கிங்டமில் நவம்பரிலிருந்து கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு வரை, குறிப்பிட்ட இரவுகளில் மிக்கியின் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் நடக்கும். அதற்குத் தனி டிக்கெட். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்டில் வந்தவர்களுக்குப் பூங்கா மாலை 6 மணியோடு முடிந்துவிடும். நாள்காட்டியைப் பார்க்காமல் டிக்கெட் எடுத்தால், விளக்கு ஏற்றிய கொஞ்ச நேரத்தில் வெளியே வர வேண்டியிருக்கும். அதே விஷயத்தைத் திருப்பியும் பயன்படுத்தலாம். சீக்கிரம் முடிவதால் அந்த நாட்களின் பகலில் கூட்டம் குறைவாக இருக்கும். இரவு வாணவேடிக்கை வேண்டாம், ரைடுகள்தான் முக்கியம் என்கிறவர்களுக்கு அவை நல்ல நாட்கள்.

வரிசை

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் பெரிய ரிசார்ட்டுக்குப் போகாதீர்கள் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மேஜிக் கிங்டம் கொள்ளளவை எட்டி வாயிலை மூடிய ஆண்டுகளும் உண்டு. பணம் கட்டி வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேன் இருக்கிறது, உண்மைதான். ஆனால் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நாளில் ரைடுக்கு வெளியேயும் நிற்க வேண்டியிருக்கும்: கழிப்பறைக்கு, சாப்பாட்டுக்கு, திரும்பிப் போகும் வண்டிக்கு. அவற்றுக்கு லைட்னிங் லேன் கிடையாது. பிள்ளைகள் தளர்ந்து போவதும் அங்கேதான்.

டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில், வார நாட்களில், அதே அலங்காரம், கூட்டம் மட்டும் குறைவு. பள்ளியில் இரண்டு நாள் விடுப்பு கேட்க முடிந்தால் கேட்டுவிடுங்கள்.

குளிர் நாட்டுப் பூங்காவில் வரிசை இல்லை என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெளியே சில ரைடுகள் மூடியிருப்பதால் எல்லோரும் கூரைக்குள் இருப்பவற்றுக்கு ஓடுவார்கள். எஃப்டெலிங்கில் ஃபாட்டா மோர்கானா, ட்ரோம்ஃப்ளுக்ட், சிம்பாலிகா ஆகிய மூன்றும் உட்கார்ந்தபடியே கதைக்குள் போய்வரும் ரைடுகள், குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தவை. மழையும் குளிரும் சேர்ந்துகொண்டால் அங்கே கூட்டம் அலைமோதும். திறந்தவுடன் இவற்றை முடித்துவிட்டு, காட்டையும் விளக்குகளையும் மாலைக்கு வைத்துக்கொள்வதுதான் சரி.

இரண்டு வகைப் பூங்காவிலும் ஒரு வசதி உண்டு, அதைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்க வேண்டும். அப்பா வரிசையில் நின்று ரைடு போய்வரும்வரை அம்மா குழந்தையோடு இருப்பார், பிறகு அம்மா மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். டிஸ்னியில் இதன் பெயர் ரைடர் ஸ்விட்ச், எஃப்டெலிங்கில் பேபி ஸ்விட்ச். நுழைவிடத்தில் இருக்கும் ஊழியரிடம் சொன்னால் போதும்.

தாத்தா பாட்டியும் வந்தால்

டிவோலியிலும் லிசெபெர்க்கிலும் நுழைவுக்கு ஒரு டிக்கெட், ரைடுகளுக்குத் தனி. எதிலும் ஏறப் போவதில்லை, பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு விளக்குக்கு அடியில் நடந்தால் போதும் என்கிற பாட்டிக்கு நுழைவுச்சீட்டு மட்டும் போதும். 1843-இல் திறந்த டிவோலி முதலில் ஒரு தோட்டம், அப்புறம்தான் பூங்கா. அதனால் ஏறாதவர்களுக்கும் அங்கே இடமும் வேலையும் உண்டு. டிஸ்னியிலோ எஃப்டெலிங்கிலோ யூரோபா-பார்க்கிலோ ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒரே டிக்கெட்தான்.

திரும்பி வருவதையும் யோசியுங்கள். டிவோலி நகரின் மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. முழங்கால் வலித்தால் பாட்டியும் ஒரு பேரனும் முன்னால் கிளம்பிவிடலாம். மேஜிக் கிங்டமுக்குக் காரில் போகிறவர்கள் வாகன நிறுத்தத்திலிருந்து மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் வாயிலை அடைய வேண்டும். திரும்புவதும் அப்படியே. பாதியில் யாராவது கிளம்ப வேண்டியிருந்தால் அது சின்ன வேலை இல்லை.

கூரைக்குள் இருப்பவை

இவற்றின் பலம் ஒன்றுதான், ஆனால் அது பெரிய பலம்: திட்டம் மாறாது. மின்னசோட்டாவின் கொடுங்குளிரிலும் நிக்கலோடியன் யூனிவர்ஸ் உள்ளே சுமார் 21 டிகிரியில் இருக்கும். கண்ணாடிக் கூரை வழியாக வரும் வெயிலும், விளக்குகளும், கூடியிருக்கும் மனிதர்களின் உடல் சூடுமே அதற்குப் பெரும்பாலும் போதும். அங்கே நுழைவுக்குக் கட்டணம் இல்லை, ரைடுகளில் ஏறுவதற்கு மட்டும் பணம். இரண்டு வயதுக் குழந்தையோடு இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வர இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 1989-இல் திறந்த லாட்டே வேர்ல்டில் உள்ளேயே பனிச்சறுக்குத் தளமும் உண்டு. ஏரிக்குள் இருக்கும் வெளிப்பகுதிக்குப் போகாமலே ஒரு நாள் ஓடிவிடும்.

குறை என்னவென்றால் சத்தம். கூரைக்குள் கோஸ்டர் இரைச்சலும் பாட்டும் கூச்சலும் சேர்ந்து எதிரொலிக்கும். சத்தத்துக்கு மிரளும் பிள்ளைக்கு அரை நாளுக்கு மேல் தாங்காது. முழு விடுமுறையையும் இதை நம்பித் திட்டமிடுவதைவிட, வேறு வேலையாகப் போகும் ஊரில் ஒரு அரை நாளுக்கு வைத்துக்கொள்வது மேல்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. 1992-இல் திறந்த டிஸ்னிலேண்ட் பாரிஸைக் கட்டும்போதே அந்த ஊர்க் குளிரையும் மழையையும் மனதில் வைத்தார்கள். நுழைந்ததும் வரும் மெயின் ஸ்ட்ரீட்டின் இரு பக்கமும் கடைகளுக்குப் பின்னால் கூரையிட்ட நடைவழிகள் ஓடுகின்றன. டிஸ்னிதான் வேண்டும், சீக்கிரம் இருட்டவும் வேண்டும் என்கிறவர்களுக்கு இது பொருந்தும். கடைசி வார நெரிசல் மட்டும் இங்கேயும் உண்டு.

குளிர் நாட்டைத் தேர்ந்தெடுத்தால்

தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு, தள்ளிக்கொண்டு நடக்கும் நம்மைவிட வேகமாகக் குளிரும். நமக்கு வியர்க்கிறது என்று அதன் போர்வையை எடுத்துவிடக் கூடாது. மணிக்கொரு தரம் கன்னத்தையும் கால்விரலையும் தொட்டுப் பாருங்கள். தொங்கும் மஃப்ளரை ரைடுகளில் கழற்றச் சொல்வார்கள். தலை வழியாக மாட்டும் குழாய் போன்ற கழுத்துத் துணி இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. கையுறை இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று கண்டிப்பாக நனையும். குளிரில் செல்போன் பேட்டரி சட்டென்று இறங்கும். டிக்கெட்டும் அதில்தான் இருக்கும் என்பதால் போனை உள்பையில் வைத்துக்கொண்டு, டிக்கெட்டைக் காகிதத்திலும் அச்சடித்துவிடுங்கள்.

தேதி விஷயத்தில் கவனம். டிவோலியும் லிசெபெர்க்கும் டிசம்பர் 24 அன்று மூடியிருக்கும். யூரோபா-பார்க் 24, 25 இரண்டு நாளும் மூடல். எஃப்டெலிங் மட்டும் 2010-லிருந்து ஆண்டின் எல்லா நாளும் திறந்திருக்கிறது. விடுமுறை ஜனவரிக்குள் நீண்டால் நிலைமை மாறும். யூரோபா-பார்க் ஜனவரியிலேயே மூடிவிட்டு வசந்த காலத்தில்தான் மறுபடி திறக்கும். வெயில் ஊர் ரிசார்ட்டுகளில் அந்த மாதம் கூட்டம் வடிந்துவிடும், ஆனால் பராமரிப்புக்காகச் சில ரைடுகளை மூடுவதும் அப்போதுதான். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மூடும் ரைடுகளின் பட்டியலைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். பிள்ளை பெயர் சொல்லிக் கேட்ட ரைடு அதில் இருந்தால் பயணத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளலாம், அல்லது கிளம்பும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடலாம்.