நாலு வருடமாக ஸ்கைரெய்டர் ஓட்டுகிறேன், இன்னும் இடது பக்கம்தான் இழுக்கிறது

நான் விமானி இல்லை. வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் ஓட்டுகிற ஆசாமி. அதில் டக்ளஸ் ஏ-1 ஸ்கைரெய்டர் என்ற பழைய அமெரிக்கப் போர் விமானத்தைத் தள்ளுபடியில் வாங்கிப் போட்டு நாலு வருடம் ஆகிறது. ஜெட்டுகள் வரிசையாக நிற்கும்போது மூக்கில் புரொப்பல்லர் சுற்றும் இதை யார் தொடப் போகிறார்கள் என்றுதான் அன்று நினைத்தேன்.

முதல் மாதம் பாதி நாள் ஓடுபாதையைத் தாண்டவே இல்லை. உள்ளே இருப்பது 18 சிலிண்டர் ரைட் ஆர்-3350, 2,700 குதிரைத்திறன். பி-29 குண்டுவீச்சு விமானத்தில் நான்கு மாட்டியிருந்த அதே குடும்பத்து என்ஜின். த்ராட்டிலை, அதாவது என்ஜின் விசையைக் கூட்டும் நெம்புகோலை, சட்டென்று தள்ளினால் மூக்கு இடப்பக்கம் ஓடும். வால் சுக்கானைத் திருப்பும் ரட்டர் பெடல்களில் வலதை மிதித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இறங்குவது இன்னும் மோசம். விமானம்தாங்கிக் கப்பலின் தளத்தைத் தவறவிட்டு, பதறிப்போய் முழு த்ராட்டில் கொடுத்தால் எழும்பாது. இடது இறக்கை சாய்ந்து அப்படியே கடலில் புரளும். பழைய ரட்டர் பெடல் ஒன்றைக் கைமாற்றாக வாங்கிய பிறகுதான் பிழைத்தேன்.

இதன் ஜாதகமே விசித்திரம். 1944 ஜூனில், வாஷிங்டன் ஓட்டல் அறையில், டக்ளஸ் நிறுவன வடிவமைப்பாளர் எட் ஹைனிமன் தன் ஆட்களோடு ஒரே இரவில் வரைந்த விமானம். 1945 மார்ச் 18-இல் பறந்தது. களத்துக்குப் போவதற்குள் உலகப்போர் முடிந்துவிட்டது. ஜெட் யுகம் வேறு பிறந்தாயிற்று. ஆனாலும் 1957 வரை 3,180 விமானங்கள் கட்டினார்கள்.

ஏன் என்பது ஓட்டினால் புரியும். 15 இடங்களில் குண்டு தொங்கவிடலாம், ஏறக்குறைய 3,600 கிலோ. அதைச் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் ஒரே இடத்தைச் சுற்றலாம். ஜெட் எடுத்தால் அரை மணியில் எரிபொருள் முள்ளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். இதில் நடுவே எழுந்து போய் டீ போட்டுக் குடித்திருக்கிறேன்.

கொரியாவில் ஹ்வாச்சோன் அணையைக் குண்டுபோட்டு உடைக்க முடியாமல், 1951 மே 1-இல் பிரின்ஸ்டன் கப்பலிலிருந்து எட்டு ஸ்கைரெய்டர்கள் டார்பிடோவோடு போயின. ஆறு டார்பிடோக்கள் சரியாகப் பாய்ந்து மதகைப் பெயர்த்தன. வியட்நாமில் இரண்டு மிக்-17 ஜெட் விமானங்களை இவை சுட்டு வீழ்த்தியதும் உண்மை. 1965-இல் ஒரு கடற்படைக்காரர் இறக்கையில் டாய்லெட் கோப்பையைத் தொங்கவிட்டுக் கொண்டுபோய்ப் போட்டதும் உண்மைதான், படம்கூட இருக்கிறது.

சரி, குறை. ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்திலேயே நின்றுவிட்டது. நிஜ விமானமும் எண்ணெய் ஒழுகுவதில் பேர்போனது, அதனால் இதுவும் யதார்த்தம்தான் போல என்று ஒரு வாரம் நம்பினேன். தயாரிப்பாளருக்கு எழுதினால் மூன்று வாரம் கழித்து, அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்லிப் பதில். நிறுவினேன், முள் அசையவில்லை. என்ஜின் சத்தத்தைக் கேட்டே ஓட்டப் பழகிவிட்டேன். பெடல் இல்லாதவர்கள் வாங்க வேண்டாம்.

என்னை இதில் கட்டிப்போட்டது ஏ-1இ ரகம், இரண்டு இருக்கை பக்கத்தில் பக்கத்தில். 1966 மார்ச் 10-இல் வியட்நாமின் ஆ ஷாவ் பள்ளத்தாக்கில் சுடப்பட்டு இறங்கிவிட்ட சக விமானி மையர்ஸை மீட்க, பெர்னார்ட் ஃபிஷர் எதிரிகள் சூழ்ந்த ஓடுபாதையில் இதைத்தான் இறக்கினார். நீளம் 2,500 அடிதான், அதிலும் சிதறிக்கிடந்த இடிபாடு. ஓடுபாதை முனையையும் தாண்டிப் போய், திரும்பி ஓட்டிவந்து, மையர்ஸைத் தலைகீழாக உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். விமானத்தில் 19 ஓட்டை.

அதே நீளத்துக்கு ஒரு ஓடுபாதை அமைத்து நானும் முயல்கிறேன். போன ஞாயிறு பதினொரு தடவை. யாரும் சுடவில்லை, இடிபாடும் இல்லை. இரண்டு தடவைதான் முழுசாக நின்றேன்.