உளுந்துக்குப் பயறு ஒண்டர்: 2 கிலோ பொடி என்ன செய்யும், என்ன செய்யாது

உரக்கடையில் 'பூ பிடிக்கும் டானிக்' என்று விற்கிற பாட்டில்கள் பலவற்றில், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெளிவாகப் போட்டிருக்காது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் அந்த ரகம் அல்ல. சத்துக்களும் வளர்ச்சி ஊக்கியும் கலந்த பொடி இது. ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீர், பூக்கும் பருவத்தில் ஒரே தெளிப்பு. பூ உதிர்வது குறையும், வறட்சி தாங்கும், மகசூல் 20 சதவீதம் வரை கூடும் என்கிறது பல்கலைக்கழகம். அது மேல்வரம்பு, அங்கங்கே சொட்டை விழுந்த வயலில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

நன்றாகப் பொருந்துவது டெல்டாவின் நெல் தரிசு உளுந்துக்கு, அதாவது நெல்லுக்குப் பின் அதே வயலில் வரும் உளுந்துக்கு. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகு போல ஈரமாக இருக்கும் பதத்தில் தூவிய விதை. உழவு கிடையாது, அடியுரம் கிடையாது. 30-35 நாளில் பூ எடுக்கும்போது மண்ணின் ஈரமும் வற்றிக்கொண்டிருக்கும். பயறுச் செடி பூக்கிற பூவில் பெரும்பகுதியை எப்படியும் உதிர்க்கும். சத்துப் பசியும் வறட்சியும் சேர்ந்தால், பூவைப் பிடித்து வைக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் காம்பில் குறைந்து, உதிர்க்கும் ஹார்மோனான எத்திலீனின் கை ஓங்கி, பிஞ்சும் கழன்று விழும். இந்த இடத்தில் இலைவழி கொடுப்பதுதான் ஒரே வழி.

இதற்குப் போட்டி, கடையில் கிடைக்கும் 4.5 சத என்.ஏ.ஏ. திரவம் (பிளானோபிக்ஸ் போன்றவை); இது ஆக்சின் வகை வளர்ச்சி ஊக்கி. பரிந்துரை லிட்டருக்கு 40 மில்லிகிராம். அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 9 மில்லி, ஏக்கருக்கு சுமார் 180 மில்லி. பூக்கும் முன் ஒன்று, 15 நாள் கழித்து ஒன்று. மூடியால் அளக்காமல் ஊசிக்குழலால் அளக்கவும். அளவு மீறினால் இலை சுருண்டு, நுனி முறுக்கிக்கொள்ளும். பூவை நிறுத்த அடித்த மருந்தே எத்திலீனைக் கிளப்பிப் பூவைக் கொட்டவும் வைக்கும். இன்னொன்று, என்.ஏ.ஏ. பூவைப் பிடித்து நிறுத்தும், சோறு போடாது. நின்ற பிஞ்சுக்குச் சத்து வேண்டும் என்பதால் 2 சத டி.ஏ.பி. (தழை, மணிச்சத்து உரம்) தெளிப்பும் தேவைப்படும்: 4 கிலோவை முந்தின இரவே 20 லிட்டரில் ஊறவைத்து, காலையில் மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டி 200 லிட்டராக்குவது. வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொண்டு பாதி நாள் போய்விடும். மருந்துச் செலவு குறைவு, வேலை அதிகம். கூலி ஆள் கிடைக்காத ஊரில் பயறு ஒண்டர் ஜெயிப்பது இங்கேதான்.

கரைப்பது எளிது: லிட்டருக்கு 10 கிராம், 16 லிட்டர் டேங்குக்கு 160 கிராம். முதலில் ஒரு வாளியில் கரைத்து ஊற்றவும். ஒட்டும் திரவம் அவசியம். உளுந்து இலையில் ரோமம் அதிகம், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். மாலை வெயில் தணிந்து அடித்தால் தேனீக்கும் நல்லது, கரைசலும் மெதுவாகக் காயும்.

கெடுவது பெரும்பாலும் தண்ணீரில். பவர் ஸ்ப்ரேயர்காரர் ஏக்கரை 80 லிட்டரில் முடித்து, 2 கிலோவையும் அதிலேயே கொட்டினால் இலை விளிம்பு கருகும். டி.ஏ.பி.யையும் சேர்த்துக் கலந்தால் உப்புச் செறிவு 3 சதவீதமாகி அதே கதைதான். தாமிர மருந்தோடும் கலக்க வேண்டாம்.

மஞ்சள் தேமல் வந்த செடியை இது மீட்காது. அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், செடியைப் பிடுங்கத்தான் வேண்டும்.

பெரிய குறை, எல்லாக் கடையிலும் கிடைக்காது. வேளாண் அறிவியல் நிலையத்தில் விதைப்பின்போதே சொல்லி வைத்து வாங்குங்கள். பிரித்த பாக்கெட் ஈரம் இழுத்துக் கட்டிப்படும் என்பதால், ஒரே மாலையில் தீர்கிற அளவுக்கு மட்டும் வாங்கினால் போதும்.