ஒன்பது பருவம், ஒரே ரவை: 6.5×55 பற்றி மருமகனுக்கு எழுதப்போய் நீண்டுவிட்ட பதில்

அக்காவின் மகன் போன மாதம் வேட்டைக்காரர் தேர்வில் தேறினான். நோர்வேயில் இதற்கு ஒன்பது வகுப்பு, முப்பது மணி நேரம் இருந்து படிக்க வேண்டும். அதன் பிறகுதான் தேர்வு எழுதலாம். தேறிய அன்றிரவே வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டான்: "மாமா, எல்க் வேட்டைக்கு எந்த ரவை நல்லது? உங்கடை மாதிரி 6.5 எடுக்கட்டோ?" ரவை என்று நாங்கள் சொல்வது துவக்கில், அதாவது துப்பாக்கியில், போடும் தோட்டாவை. 6.5 என்பது நான் போடும் 6.5×55 வகை.

ஒரு சொல்லில் பதில் போடலாம் என்றுதான் நினைத்தேன். "ஓம்" என்று எழுதினேன், அழித்தேன். "வேண்டாம்" என்று எழுதினேன், அதையும் அழித்தேன். ஒன்பது பருவம் ஒரே துவக்கோடு காட்டில் நின்றவனுக்கு இந்தத் தடுமாற்றம் வரக்கூடாது. போன அக்டோபரில் ஒரு சதுப்பில் கழிந்த இரவுதான் காரணம். அதனால் விரிவாகவே எழுதுகிறேன். அவனுக்கும் ஆகும், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகும்.

துவக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிக்கா டி3, 2016-இல் வாங்கியது, குழல் முனையில் சத்தக்குறைப்பான். ஒரு நாளும் சிக்கியதில்லை. நாங்கள் போகும் காடு எல்வெரும் பக்கம். ஸ்புரூஸும் பைனும் நெருக்கமாக நிற்கும், இடையிடையே சதுப்பு. சுடும் தூரம் பெரும்பாலும் 40 முதல் 90 மீட்டர். 150 மீட்டரைத் தாண்டி நான் ஒரு வெடியும் வைத்ததில்லை. கனடாவில் இருப்பவர்கள் மூஸ் என்று சொல்லும் அதே பெரிய மான்தான் எங்களுக்கு எல்க்.

தம்பி, கடைக்குப் போனால் முதலில் சன்னத்தின், அதாவது ரவையிலிருந்து பாய்ந்து போகும் உலோகத் தலையின், எடையைப் பார். எல்க்குக்கு ஒன்பது கிராமுக்குக் குறைந்த சன்னம் சட்டப்படி கூடாது. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் என்றால் 100 மீட்டரில் 2,700 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். பத்து கிராமும் அதற்கு மேலும் என்றால் 2,200 போதும். 6.5 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பத்து கிராம் கோட்டில்தான் எல்லாம் இருக்கிறது. 140 கிரெய்ன் சன்னம் 9.1 கிராம், அந்த எடையில் கடையில் கிடைக்கும் 6.5×55 ரவைகளில் பல 2,700-ஐத் தொடுவதில்லை. நோர்மா நிறுவனத்தின் ஓரிக்ஸ் சன்னம் 156 கிரெய்ன், அதாவது 10.1 கிராம், கோட்டைத் தாண்டிவிடுகிறது. லாபுவா மெகா 155 கிரெய்ன், சரியாகப் பத்து.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கடையில் 156 தீர்ந்துவிட்டது என்று 140 பெட்டியைக் கையில் தந்தார்கள். "இரண்டும் ஒன்றுதான், எல்க்குக்கும் இதையே எடுத்துப் போகிறார்கள்" என்றார் அங்கே நின்றவர். வேட்டைக்கு முதல் நாள் இரவு பெட்டியைத் திறந்தபோதுதான் எடையைப் பார்த்தேன். அடுத்த நாள் விடிய நாலரைக்கு எழும்பி, குழுவில் ஒருவரிடம் பத்து ரவை கடன் வாங்கிக்கொண்டு போனேன். இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. அந்த ரவையோடு பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது நான், விற்றவர் இல்லை. பெட்டியில் உள்ள எண்ணை நீயே படி.

இந்த ரவை ஏன் இப்படி எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கிறது என்று நானும் யோசித்திருக்கிறேன். இது 1894-இல் படைக்கு வந்தது. அப்போது நோர்வேயும் சுவீடனும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. நோர்வே இதைக் கிராக்–யோர்கென்சன் துவக்கில் போட்டது, சுவீடன் மௌசரில் போட்டது. அந்தப் பழைய துவக்குகள் பல இன்னும் ஆட்களின் கையில் இருக்கின்றன. அவற்றிலும் வெடிக்க வேண்டும் என்பதால் தொழிற்சாலைகள் வெடிமருந்தை அடக்கித்தான் போடுகின்றன. புதுத் துவக்கு இன்னும் தாங்கும். பெட்டியில் வருவது அவ்வளவுதான்.

சரி, நல்லதைச் சொல்கிறேன்.

2015-இல் என் முதல் பருவம். வேலையிடத்து நண்பர் ஒருவர் தன் .300 வின்செஸ்டர் மேக்னத்தை இரவல் தந்தார். பெரிய மிருகம், பெரிய ரவை என்று நானும் சந்தோஷமாக வாங்கினேன். பெரிய விலங்கு வேட்டைக்குப் போகும் எவரும் இங்கே ஒவ்வோர் ஆண்டும் முப்பது வெடி பயிற்சி செய்து, அப்புறம் 100 மீட்டரில் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து வெடியையும் வைத்துக் காட்ட வேண்டும். பன்னிரண்டாவது வெடியிலேயே என் தோள் கன்றிவிட்டது. தேர்வில் இரண்டு தரம் தவறினேன். மூன்றாம் தரத்துக்கு முன் நண்பர் ஒரு வேலை செய்தார். எனக்குக் காட்டாமல் துவக்குக்குள் சில தடவை ரவையும் சில தடவை வெற்றுக்கோதும் வைத்துத் தந்தார். வெற்றுக்கோது வந்தபோது சத்தம் இல்லை, உதை இல்லை. ஆனாலும் குழல் முனை ஒரு சாண் கீழே இறங்கியது. விசையை இழுக்கும் முன்பே என் உடம்பு உதைக்குப் பயந்து ஒடுங்குகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் தன் மனைவியின் 6.5-ஐக் கொண்டுவந்து தந்தார். ஐந்து வெடியும் என் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. அடுத்த வருடம் உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது வேறு எதையும் யோசிக்கவில்லை.

இந்த ரவையின் உதை மென்மையானது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த மென்மையால் காட்டில் என்ன நடக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெடி வைத்த பிறகும் எல்க் ஸ்கோப்புக்குள்ளேயே நிற்கிறது. சன்னம் பட்ட இடத்தில் மயிர் சிலிர்ப்பதைக்கூடப் பார்க்கிறேன். எங்கே பட்டது, எப்படி நடுங்கியது, எந்தப் பக்கம் திரும்பியது என்று எல்லாவற்றையும் கண்ணால் கண்டுவிடுகிறேன். மேக்னம் பிடித்த காலத்தில் வெடித்ததும் வானமும் மரக்கிளையும்தான் தெரியும். ஒன்பது வருடமாக இந்த ஒன்றுக்காகவே இதைக் காதலித்திருக்கிறேன். பயிற்சிக்குப் போக அலுப்பே வந்ததில்லை. சட்டம் முப்பது கேட்கிறது, நான் கோடையில் நூற்றைம்பதுக்குக் குறையாமல் வைக்கிறேன்.

ஊடுருவலிலும் குறை சொல்ல முடியாது. சன்னம் மெல்லியது, நீளமானது. குழலுக்குள் ஏறத்தாழ இருபது சென்டிமீட்டருக்கு ஒரு சுற்றுச் சுற்றி வெளிவருகிறது. அகலத்துக்கு மிஞ்சிய எடை இருப்பதால் நேராக ஆழமாகப் போகும். இதுவரை பதினொரு எல்க். பத்தில் சன்னம் மறுபக்கத்தால் வெளியேறியது. பதினோராவதில் மறுபக்கத் தோலுக்கடியில் காளான் போல விரிந்து கிடந்தது, அதை எடுத்து வைத்திருக்கிறேன். இரத்தம் கட்டி வீணாகும் இறைச்சியும் குறைவு. ஒன்றைக்கூடத் தேடிக் கிடைக்காமல் விட்டதில்லை. இதை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தச் சதுப்பு மனதை விட்டுப் போகவில்லை.

அக்டோபர் இரண்டாம் வாரம், மாலை ஐந்தரை. இளம் காளை ஒன்று சரிவால் இறங்கி வந்து இரண்டு ஸ்புரூஸ் மரங்களுக்கு நடுவே பக்கவாட்டில் நின்றது. எழுபது மீட்டர். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், வயிற்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறுக்குக்கோட்டை வைத்து இழுத்தேன். பட்டதைப் பார்த்தேன். காளை தலையைக்கூடத் திருப்பவில்லை. மூன்று நான்கு வினாடி அப்படியே நின்றது. நான் அடுத்த ரவையை ஏற்றிவிட்டேன், ஆனால் அது ஓரடி எடுத்து வைத்ததும் முன்னால் பேர்ச் மரம் மறைத்தது. அப்புறம் ஓட்டமாகப் போய் மறைந்தது.

அப்பு வன்னியில் இடியன் துவக்கோடு மரை வேட்டைக்குப் போனவர். ஒரு வெடிதான், மறுபடி மருந்து இடித்து நிரப்புவதற்குள் மரை எங்கேயோ போய்விடும். அதனால் விழும்வரை கண்ணை எடுக்காதே என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் கண்ணை எடுக்கவில்லை. மரம்தான் மறைத்தது.

போய்ப் பார்த்தேன். ஒரு கொத்து மயிர் கிடந்தது. இரத்தம் ஒரு துளி இல்லை. பத்து மீட்டர், இருபது மீட்டர், நாற்பது மீட்டர் போயும் ப்ளூபெர்ரிச் செடிகளில் ஒன்றும் இல்லை. வானொலியில் குழுத் தலைவருக்குச் சொன்னேன். அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார், அதற்குள் இருட்டிவிட்டது. அந்த அரை மணி நேரத்தில் நான் எதையெல்லாம் நினைத்தேன் என்று எழுத விருப்பமில்லை. அப்புறம் தேடும் நாயை வாரில் பிடித்து, தலைவிளக்குப் போட்டுக்கொண்டு போனோம். தொண்ணூறு மீட்டரில் கிடந்தது. சதுப்புக்குள், பாதி உடம்பு தண்ணீரில்.

இரண்டு நுரையீரலும் போயிருந்தன. வெடியில் பிழை இல்லை. சன்னம் நுழைந்த துளை சுண்டுவிரல் அளவு, வெளியேறிய துளை பெருவிரல் அளவு, அதையும் கொழுப்பு வந்து அடைத்திருந்தது. இரத்தம் முழுவதும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கி நின்றது. நாலுசில்லு வண்டி சதுப்புக்குள் வரவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று வயிற்றைத் திறந்தோம். குடலைச் சீக்கிரம் எடுக்காவிட்டால் இறைச்சி கெட்டுவிடும், திறந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகிறது. ஆறு பேர் கயிறு போட்டு இழுத்தோம். வீடு வந்தபோது இரவு ஒரு மணி. தலைவர் 9.3×62 என்ற பெரிய ரவை பிடிப்பவர், எழுபதை நெருங்குகிறார், அவரும் அந்தத் தண்ணீரில் நின்றார். வண்டியில் ஏறும்போது, "உன் ரவைக்கு ஓட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

நியாயமாகப் பார்த்தால் இதில் ரவையின் குற்றம் பாதிகூட இல்லை. நுரையீரல் இரண்டும் போன எல்க்குக்கும் மூளையில் பத்துப் பதினைந்து வினாடிக்கான மூச்சு மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் அது எழுபது எண்பது மீட்டர் ஓடிவிடும். எங்கள் குழுவில் என்னுடையதைவிடத் தடித்த ரவைகளான .308-ஆல் சுட்டதும் ஓடியிருக்கிறது, .30-06-ஆல் சுட்டதும் ஓடியிருக்கிறது, தலைவரின் 9.3-ஆல் சுட்டதும் ஓடியிருக்கிறது. என் பதினொன்றில் நின்ற இடத்திலேயே விழுந்தவை இரண்டுதான், இரண்டிலும் சன்னம் சற்று மேலே போய் முதுகெலும்பில் பட்டது.

ஓட்டத்தை எந்த ரவையும் நிறுத்தாது, சரி. ஓடிய வழியில் இரத்தம் இருக்கிறதா என்பதுதான் எனக்குப் பிரச்சினை. ஓடிய ஒன்பதில் நான்கில்தான் தொடக்கத்திலிருந்து சுவடு கிடைத்தது. மற்ற ஐந்திலும் முதல் இருபது முப்பது மீட்டர் வெறும் காடு. ஒவ்வொரு முறையும் அதே பயம், ஒவ்வொரு முறையும் நாய். ஒன்பது வருடம் இதை ஒரு சின்ன விஷயமாக வைத்திருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு அப்படி வைத்திருக்க முடியவில்லை.

6.5 என்று சொன்னாலும் சன்னத்தின் விட்டம் 6.7 மில்லிமீட்டர். .308-உடையது 7.8. வட்டப் பரப்பைக் கணக்கிட்டால் .308-உடையது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். அதே ஓரிக்ஸ் .308-இல் 11.7 கிராம், குழல்வாயில் ஏறத்தாழ 3,700 ஜூல், என்னுடையதில் 3,000 சொச்சம். நீ ஈயம் இல்லாத செப்புச் சன்னம் போட விரும்பினாலும் .308-இல்தான் வழி எளிது. செம்பு ஈயத்தைவிட இலேசானது என்பதால் அதே எடைக்குச் சன்னம் நீளமாக வேண்டும், மெல்லிய 6.5-இல் பத்து கிராமுக்குப் போனால் நீளம் மிஞ்சிவிடும். .308-இல் பத்து கிராமைத் தாண்டிய செப்புச் சன்னங்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. வீட்டில் சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், ஈயத் துகளுக்குப் பயந்து நான் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிகிறேன். எறியும்போது மனம் கேட்பதில்லை.

உதை கூடத்தான். நண்பரின் .308-இல் சத்தக்குறைப்பான் போட்டு முப்பது வெடி வைத்துப் பார்த்தேன். தோள் தெரிந்தது, கண் மூடவில்லை. ஆனால் வெடித்ததும் இலக்கு ஒரு கணம் ஸ்கோப்பை விட்டுப் போனது. அந்த ஒரு கணம் எனக்குப் பெரிது. உனக்கு இருபத்துநாலு வயது, தோள் அகலம், அது உனக்குப் பழகிவிடும்.

ஆகவே மோனை, .308 எடு. மேலே 6.5-ஐப் பற்றி நான் எழுதிய அத்தனையும் உண்மை, ஒன்றையும் திருப்பி எடுக்கவில்லை. இருந்தாலும் முதல் பருவத்திலேயே இருட்டில் இரத்தம் இல்லாத செடிகளைத் தடவிக்கொண்டு நீ நிற்பதை நான் பார்க்க விரும்பவில்லை. மேக்னம் பக்கம் போகாதே, யார் இரவல் தந்தாலும் வேண்டாம்.

என் அலமாரியில் 156 கிரெய்னில் மூன்று பெட்டி இருக்கிறது, அறுபது ரவை. இந்த வருடத் தேர்வையும் அந்த டிக்காவோடுதான் எழுதப்போகிறேன். மாற்றுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்குச் சூட்டுத்திடலுக்கு வா. நண்பர் தன் .308-ஐக் கொண்டுவருவார், காதுமூடி நான் கொண்டுவருகிறேன். முதலில் அதில் பத்து வெடி வை, அப்புறம் என்னுடையதில் பத்து. கடைக்கு அதன் பிறகு போகலாம்.